வகுத்தல் ஆகாதவர்

விழுக்காட்டுக் குறியைக் கண்டால் முகம் சுளிக்கிற மனுஷி ஒருவரை எனக்குத் தெரியும். கரப்பான்பூச்சிக்கும் பல்லிக்கும் அவர் அசர மாட்டார். எங்கள் கம்பெனியில் இரண்டுமே தாராளமாக இருந்தன. ஆனால் கணினித் திரையில் அந்தக் குறி தென்பட்டுவிட்டால், குடித்துக்கொண்டிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிடுவார். "யாருண்ணே இதை எழுதினது?" என்பார். பெரும்பாலும் நான்தான் எழுதியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்பார்.

கடைகளில் தள்ளுபடி அட்டையில் தொங்குமே, அதே குறிதான். நிரல் எழுதுகிறவர்களுக்கு அதில் வேறு பிழைப்பு. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுத்தால் மிச்சம் எவ்வளவு என்று அது சொல்லும். நல்ல குறி, பாவப்பட்ட குறி. அதன் மேல் ஒருவருக்கு இவ்வளவு வன்மம் இருக்க முடியும் என்று அவரைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய ஊரான தங்காக் சின்ன ஊர். அங்கே அவர் கணவரைப் போன்ற துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம். பெயரைச் சொன்னால் நாளைக்கே அவர் காதுக்குப் போய்விடும், அப்புறம் இதிலும் எந்த வரி வீண் என்று எனக்குப் போன் வரும். மலாய்க்காரர்கள் அவரைக் 'காக்' என்று கூப்பிட்டார்கள், தமிழர்கள் அக்கா என்றார்கள். நான் அவரைவிட நாலைந்து வயது மூத்தவன். அவர் என்னை அண்ணே என்பார், நான் வாம்மா போம்மா என்பேன். நிரல் பிரிவில் நாங்கள் மூன்றே பேர்: அவர், நான், ஹபீஸ். பிரிவின் தலைவர் என்று என் அட்டையில் போட்டிருந்தது. அதை அந்த அறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பாசிர் கூடாங் போகும் சாலையில் இருந்தது எங்கள் கம்பெனி. கிடங்குகளில் சரக்கு ஏற்றி இறக்கும் மின்தூக்கிகளுக்கு மின்பலகை செய்து விற்றோம். பலகையில் சிப் என்கிற ஒரு சில்லு இருக்கும். கதவை மூடு, மேலே போ, நில் என்றெல்லாம் சொல்வது அதற்குள் ஓடும் நிரல். அந்த நிரல் கோளாறு செய்தால் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்பதற்காக இன்னொரு சின்ன நிரல் அதன் பக்கத்திலேயே ஒண்டுக் குடித்தனம் நடத்தும். அதுதான் டிபக்கர். கடைசியாக நடந்த அறுபத்து நான்கு சங்கதிகளை அது குறித்து வைக்கும். மொத்தம் அறுபத்து நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் நிரம்பியதும் மறுபடி முதல் கட்டத்தில் எழுதும். அடுத்தது எந்தக் கட்டம் என்று தெரிய, இதுவரை நடந்தவற்றின் எண்ணிக்கையை அறுபத்து நான்கால் வகுத்து மிச்சத்தை எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போன எவரும் அப்படித்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

எங்கள் பழைய சில்லுக்கு வகுக்கத் தெரியாது. யாராவது வகுக்கச் சொன்னால் கழித்துக் கழித்துப் பார்த்து ஒருவழியாக விடையைக் கொண்டுவரும். அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்தூக்கியின் கதவு மூடலாமா வேண்டாமா என்று தயங்கும். மூட வந்து, நின்று, மறுபடி திறக்கும். வாடிக்கையாளர்கள் எங்களைக் கேட்காத கேள்வியில்லை. அந்தச் சமயத்தில்தான் அவர் வேலைக்கு வந்தார். வந்த வாரமே என் வரியைக் கண்டுபிடித்தார்.

"நூறு கட்டம் இருந்தா நீங்க வகுப்பீங்களாண்ணே?" என்று கேட்டார். "மூவாயிரத்து நானூத்து ஐம்பத்தேழுன்னு வச்சுக்குங்க. கடைசி ரெண்டு நம்பரைப் பாத்தாலே ஐம்பத்தேழுன்னு தெரியுதுல்ல. நமக்கு நூறு எப்படியோ அப்படித்தான் மெஷினுக்கு அறுபத்து நாலு. மெஷின் நம்பர்ல கடைசி ஆறு இலக்கத்தை, ஆறு பிட்டை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை மறைச்சுட்டாப் போதும். வகுக்கவே வேணாம்."

வகுத்தலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிட்டுகளை மறைக்கும் ஒரு சின்னக் கட்டளையைப் போட்டார். ஒரே வரி. அன்று சாயங்காலமே கதவு ஒழுங்காக மூடியது. முதலாளி எங்களுக்கெல்லாம் கோழிச் சோறு வாங்கிக் கொடுத்தார். இவர் தன் பங்கைப் பொட்டலமாகத் தாப்பாவ் செய்துகொண்டு, டிபக்கரில் இன்னும் எங்கெல்லாம் வகுத்தல் இருக்கிறது என்று தேட உட்கார்ந்தார். தேடினார், தேடினார், அந்தத் தேடல் பல வருஷம் நீண்டது.

மெதுவாக நடக்கிற ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு அவரால் சும்மா போக முடியாது. அதுதான் அவர். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

முக்கில் இருந்த 'மாமாக்' என்னும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேநீர் போடுகிறவர் சீனி டப்பாவை இடது பக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கோப்பைக்கும் அவர் உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தது. இவர் ஒரு நாள் எழுந்து போய் டப்பாவை வலது பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். "அக்கா, நான் கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து அங்கதான் வைக்கிறேன்," என்றார் அந்த மனுஷர், மிகவும் பொறுமையாக. மறுநாள் டப்பா பழைய இடத்தில் இருந்தது. இவர் மறுபடி நகர்த்தினார். இப்படியே ஒரு மாதம் போயிற்று. கடைசியில் அவர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டப்பா வைத்துவிட்டார். இவர் வரும் நேரத்தில் மட்டும் வலது டப்பாவில் கையை விடுவார்.

பிறந்தநாள் கேக்கை அவர் வெட்டினால் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்றுதான் வெட்டுவார். அறையில் ஆறு பேர் இருந்தாலும் எட்டுத் துண்டுதான். டிபக்கர் குறித்து வைக்கும் நேரத்தைக்கூட அவர் விடவில்லை. ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரிப்பதற்குப் பதிலாக ஆயிரத்து இருபத்து நான்காகப் பிரித்து வைத்தார், அப்போதுதான் வகுக்காமல் ஓடும் என்று. அந்தக் கணக்கு அவருக்குப் புரியும், சில்லுக்குப் புரியும். வாடிக்கையாளரிடம் போய் நின்று கதவு எப்போது திறந்தது என்று விளக்க வேண்டிய ஹபீஸுக்குத்தான் புரியாது. அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்ப்பான், நான் ஜன்னலைப் பார்ப்பேன் என்று எழுத ஆசைதான். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

முன்பு அது உறைந்த கோழி வைக்கும் அறையாக இருந்தது. கட்டடத்தைக் கைமாற்றி வாங்கும்போது, குளிர் நன்றாக நிற்கிறது, கருவிகளுக்கு நல்லது என்று எங்களை அதற்குள் போட்டார்கள். கனத்த கதவு. உள்ளேயிருந்து திறக்கத் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. நானும் ஹபீஸும் ஏதாவது சாக்குச் சொல்லி அடிக்கடி வெளியே போய் நின்று வருவோம். அவர் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனால் சாயங்காலம் வரை அங்கேயேதான்.

ஸ்கூடாயில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் கணவருக்குத் தங்காக்கில் துணிக்கடை. குழந்தை பிறந்து சில மாதங்களில் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை பேருந்து ஏறுவார், ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் தங்காக்கிலேயே இருந்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கொஞ்ச நாள் அப்படியே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மதியத்துக்கு மேல் பாசிர் கூடாங் கிடங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மின்தூக்கி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே கிடங்கு மேற்பார்வையாளர் மாட்டிக்கொண்டார், தீயணைப்பு வண்டி வந்துதான் வெளியே எடுத்தார்கள் என்றார்கள். ஏன் நின்றது என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். ஹபீஸ் போய் டிபக்கரின் பதிவை எடுத்துவந்தான். திறந்து பார்த்தால் ஏறக்குறையப் பாதிக் கட்டங்கள் காலி. மற்றப் பாதியில் ஒன்றின் மேல் ஒன்று எழுதியிருந்தது. அந்த மனிதர் உள்ளே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பலகைக்குள் என்ன நடந்தது என்பதற்கு எங்களிடம் பதிலே இல்லை.

தங்காக் கிளம்பிப் போனவருக்குப் போன் போட்டேன். பேருந்தில் இருந்தார்.

"கடைசியா யார் என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

ஹபீஸ் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னான். புதிதாக ஒரு வசதி சேர்க்க இடம் போதவில்லை, அதனால் அறுபத்து நான்கு கட்டத்தை அறுபதாகக் குறைத்தான். நான்கே கட்டம்தானே என்று நினைத்திருக்கிறான்.

"அலமாக், போச்சு," என்றார் அவர். "அறுபதை அப்படி வெட்ட முடியாதுண்ணே. நூறுக்குப் பதிலா தொண்ணூத்தேழு வச்சுக்கிட்டு கடைசி ரெண்டு நம்பரைப் பாத்தா சரியா வருமா? சில கட்டத்துக்கு அது போகவே போகாது. போற கட்டத்துலயே திரும்பத் திரும்ப எழுதும். பழையபடி அறுபத்து நாலு போடுங்க."

போட்டோம். சரியாகிவிட்டது. "நீ போம்மா, மிச்சத்தைத் திங்கக்கெழமை பாத்துக்கலாம்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அந்தக் கனத்த கதவு திறந்தது. பயணப் பையோடு அவர் நின்றார். பாதி வழியில் யோங் பெங்கில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பி வரும் பேருந்தைப் பிடித்து வந்திருக்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாரும்மா உன்னை வரச் சொன்னா?"

"நீங்க சரியா மாத்தினீங்களான்னு பாக்கணும்ல."

"ஒரு நம்பர். அதைக்கூட நாங்க சரியா மாத்த மாட்டோமா?"

"பாத்துட்டுப் போயிடறேன்ண்ணே."

பார்த்தார். சரியாகத்தான் மாற்றியிருந்தோம். அப்புறம் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வரியில் இன்னொரு வகுத்தல் தெரிகிறதே என்று உட்கார்ந்தார். அந்த வாரம் அவர் தங்காக் போகவில்லை. மின்தூக்கி நின்றதற்குக் காரணம், பிறகு தெரிந்தது, கதவின் உணரியில் படிந்த தூசு.

இந்த எண்ணை மாற்றாதே என்று நிரலில் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாமே என்று நான் அவரிடம் கேட்டேன். பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு எழுத வேண்டும் என்றார். அவருக்குப் பார்த்தாலே தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு டிபக்கரில் எந்த எண்ணைத் தொடவும் எங்களுக்குப் பயம். எதற்கும் அவரைக் கேட்டோம். அவர் இல்லாமல் ஒரு பலகைகூட வெளியே போகாது என்ற நிலைமை வந்தது. அந்தக் கோழி அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் அவருடைய அறுபத்து நான்கைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

கடைசியில் ஒரு நாள், தங்காக் போகப் போகிறேன், முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்றார். எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று பேச்சு. எனக்கு வருத்தமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. அன்றே அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன்.

அவர் நிரலைப் படிப்பது லேசில்லை. மூன்றால் பெருக்க வேண்டிய இடத்தில் ஒரு முறை இடம் தள்ளி ஒரு முறை கூட்டியிருப்பார். பத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. இருந்தாலும் விடாமல் படித்தேன். ஒரு பகுதி புரிந்து, வீட்டில் மனைவியிடம்கூடப் பெருமையாகச் சொல்லிவிட்டு மறுநாள் வந்தால், அந்தப் பகுதி அங்கே இருக்காது.

"நேத்து இங்க வேற என்னமோ இருந்துச்சேம்மா?"

"அதுவா? உங்களுக்கு விளக்கிக்கிட்டே இருந்தேன்ல, அப்பத்தான் தோணுச்சு. மெஷின் போற வழில இன்னும் ரெண்டு அடி குறைக்கலாம்னு. குறைச்சுட்டேன்."

"அப்போ நான் படிச்சது?"

"இதைப் படிங்கண்ணே. இது இன்னும் நல்லா இருக்கு."

விளக்க விளக்க அவருக்குப் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் ஒரு வாரம் பின்னால் ஓடினேன், அவர் ஒரு வாரம் முன்னால் ஓடினார். அந்த மாதக் கடைசியில் போகிறேன் என்றவர், அடுத்த மாதக் கடைசி என்றார். அப்புறம் தீபாவளி கழித்து என்றார். தீபாவளியும் வந்து போனது.

அப்போதுதான் அவர் கணவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மிகவும் மரியாதையான மனிதர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணே, தங்காக்லேருந்து பேசுறேன். உங்க முதலாளி, தவ்கே, இவங்களை விட மாட்டேங்கிறாராமே. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா? பாப்பாவுக்கு வர்ற வருஷம் ஸ்கூல். எங்கம்மாவுக்கு முட்டி வலி, அவ பின்னாடி ஓட முடியல."

"சொல்றேன் தம்பி," என்றேன்.

"முன்னெல்லாம் வெள்ளிக்கெழமை ஆனா பாப்பா வாசல் கேட் கிட்டப் போயி நிப்பாண்ணே. இப்ப நிக்கிறதில்ல. பசாருக்கு வர்றியான்னு கேட்டா ஓடி வருவா. அம்மா வர்றாங்கன்னு சொன்னா சும்மா தலையாட்டுறா."

முதலாளி மேல் வந்த ஆத்திரத்தில் நேரே அவர் அறைக்குப் போனேன். அவர் சீனர், எங்களோடு மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்.

"நான் பிடிச்சு வச்சிருக்கேனா? நானா?" என்றார். "மூணு தரம் போகலாம்னு சொல்லிட்டேன் லா. பிரிவு விருந்துக்குக் கடைகூடச் சொல்லிட்டேன். ஒவ்வொரு தரமும் அவங்கதான் வந்து, இன்னும் ஒப்படைச்சு முடியல, கொஞ்ச நாள் இருக்கேன்னு சொல்றாங்க. யார்கிட்ட ஒப்படைக்கிறாங்க? உன்கிட்டதானே? உனக்குத்தான் இன்னும் புரியலையாம்."

வழியெல்லாம் முதலாளியை மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணை யாரும் பூட்டி வைக்கவில்லை. தங்காக்கில் ஒரு குழந்தை கேட் பக்கம் போவதை நிறுத்திவிட்டது, இங்கே இவர் இன்னும் இரண்டு அடி குறைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். இப்படியே விட்டால் போகவே மாட்டார் என்று எனக்குப் பட்டது.

அந்தச் சமயம் எங்களுக்குப் புதுச் சில்லு வந்திருந்தது. அதற்கு வகுக்கத் தெரியும். கழித்துக் கழித்துத் தேடாமல் ஒரே கட்டளையில் வகுத்துவிடும். அதன் கையேடு பல மாதமாக அவர் மேசையில்தான் கிடந்தது. வகுத்தலைப் பற்றி நான் பேச்செடுத்தால், "பாக்கணும்ண்ணே," என்று சொல்லிவிட்டுப் பழைய பலகைக்குத் திரும்பிவிடுவார். நான் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, புதுச் சில்லுக்கான டிபக்கரை முதலிலிருந்து நானே எழுத ஆரம்பித்தேன். என் கைக்கு வந்த மாதிரி, யார் படித்தாலும் புரிகிற மாதிரி. கட்டங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், அறுபதோ எழுபதோ. நடுவில் கூசாமல் விழுக்காட்டுக் குறியைப் போட்டேன். ஓட்டிப் பார்த்தேன், அளந்தும் பார்த்தேன். அவர் வழிக்கும் என் வழிக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில், நிரல்கள் இருக்கும் இடத்தில் அவர் எதையும் மாற்றுவதற்கான அனுமதியை எடுத்துவிட்டேன். திறந்து படிக்கலாம், தொட முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, என்னோடது சேவ் ஆக மாட்டேங்குது. சர்வர் போச்சா?"

"சர்வர் நல்லாத்தான் இருக்கு. நான்தாம்மா மூடினேன்."

"எதை?"

"உன் பர்மிஷனை. தவ்கேகிட்டச் சொல்லிட்டுத்தான் மூடினேன். நீ ஒப்படைச்சது போதும்மா."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். ஹபீஸ் தே ஓ தேநீர் வாங்கி வருகிறேன் என்று முனகிவிட்டுத் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவர் திரும்பி, நான் எழுதிய புதுக் கோப்பைத் திறந்தார். மேலிருந்து கீழே மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்றார்.

"ஒரு வரிண்ணே. இந்த ஒரு வரிக்கு மட்டும் தொறந்து விடுங்க. மாத்திட்டு மூடிடறேன்."

"வேணாம்மா."

"மெதுவாயிடும்."

"மெதுவா ஓடட்டும். கதவு மூடுதா, தொறக்குதா? அது போதும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சால்வை தோளிலிருந்து சரிந்து நாற்காலியில் விழுந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அழப் போகிறார் என்று பயந்தேன். அழவில்லை. குரல் மட்டும் வேறு மாதிரி வந்தது.

"மெதுவா ஓடினாலும் போதும்னா, நான் இத்தனை வருஷம் இங்க உக்காந்திருந்தது எதுக்குண்ணே? பாப்பா மொதமொதல்ல நடந்ததை நான் போன்லதான் பாத்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் இங்கதான் இருந்தேன். நான் போயிட்டா இது நின்னுடும்னு நெனச்சேன். அதைத்தான் வீட்டுலயும் சொன்னேன். தவ்கே விடலன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

பழைய பலகை நீ இல்லாமல் ஓடியிருக்காது என்றேன். அது சத்தியமான வார்த்தை, அந்த அறையில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. கையேடு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"புதுசுல?" என்று கேட்டார். "அளந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்னோடது இல்லாம?"

"மெதுவாத்தாம்மா இருக்கு," என்றேன். "உன்னோடதுதான் வேகம். ஆனா சமாளிச்சுக்குவோம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கட்டளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். எனக்குப் பொய் சொல்ல வராது என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அப்புறம் திறந்திருந்த கோப்பை மூடினார். கணினியை அணைத்தார்.

"சரிண்ணே," என்றார். "நான் போறேன். எவ்வளவு மெதுவுன்னு மட்டும் என்கிட்டச் சொல்லிடாதீங்க."

அந்தச் சனிக்கிழமையே அவர் கணவர் கடை வேனைக் கொண்டுவந்தார். ஸ்கூடாய் வீட்டிலிருந்து சாமான்களைத் தூக்கிப் போட நானும் ஹபீஸும் போயிருந்தோம். பாப்பா முன் இருக்கையில் அப்பா மடியோரமாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தாள். அம்மா உள்ளே ஏறியதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வேன் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்று நாங்கள் ஏதேதோ பேசினோம். எவ்வளவு மெதுவு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.